மணிக்கு ஒன்று போதும்

— நூத்திப் பத்தாவது வரி என்ன பண்ணுது? சொல்லுங்கக்கா, சீக்கிரம் சீக்கிரம்!

— இருடா தாடி, விரட்டாத. நூத்திப் பத்து... ஒவ்வொரு கட்டிலா போய் எட்டிப் பாக்குது. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. கடைசிக் கட்டில் வந்ததும் நின்னுடுது.

— அதுக்குப் பேரு?

— லூப்பு. எங்க வார்டுல ரவுண்ட்ஸுன்னு சொல்லுவோம்.

— சூப்பர்க்கா! சத்தியமா சூப்பர்! உள்ள போயும் இதே மாதிரி சொல்லுங்க, அசந்துடுவாங்க.

— இப்ப என் முறை. நாடி எங்க பாப்ப?

— மணிக்கட்டுல. கட்டை விரலுக்குக் கீழ. ஆனா கட்டை விரலால அமுக்கிப் பாக்கக் கூடாது. அதுக்குள்ளயே ஒரு துடிப்பு இருக்கு, நம்ம நாடிய நாமளே எண்ணிட்டு இருப்போம்.

— பரவால்லையே! ரெண்டு வருஷம் முன்னாடி ஊசியப் பத்திப் பேசினாலே வேர்த்துக் கொட்டும் உனக்கு.

— பேசினதுக்கு இல்லக்கா. நீங்க படம் காட்டினீங்க. கலர்ல.

— யாருடா கண்டுபிடிச்சா இந்த விதிய? கம்ப்யூட்டர் படிச்சவன் நர்ஸ் வேலையப் பத்திப் பதில் சொல்லணுமாம், நர்ஸு உக்காந்து கம்ப்யூட்டரப் பத்திப் பதில் சொல்லணுமாம். என் வேலையப் பத்தி என்னைக் கேட்டா கண்ண மூடிட்டுச் சொல்லுவேன்.

— அதனாலதான் கேக்க மாட்டாங்க. ரெண்டு படிப்பையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வந்து உக்கார வெச்சா மட்டும் போதாது, ஒருத்தர் தலைக்குள்ள இன்னொருத்தர் போகணும்னு மேடம் முதல் நாளே சொன்னாங்களே. அதுக்குத்தான் இந்த ஸ்கூலே.

— உன் தலைக்குள்ள போனா முடிதான் இருக்கும். சரி, காலையில போன பாட்டு ஜோடி என்ன ஆச்சு?

— ஐயோ அதக் கேக்காதீங்க! கம்ப்யூட்டர் பையனப் பாடச் சொல்லிட்டாங்க. இங்க வராந்தா வரைக்கும் கேட்டுச்சு. உள்ள ஒரு புரொபசர் எழுந்து போய் ஜன்னலச் சாத்தினாராம்.

— பாஸா?

— பாஸு! தைரியத்துக்கு மார்க்கு போட்டிருப்பாங்க. மண்ணப் பத்திப் படிச்ச ஜோடி இப்ப உள்ள இருக்கு. அதுக்கப்புறம் சட்டம் படிச்சவங்க, அதுக்கப்புறம் நாம. பதினோரு மணிக்குக் கூப்பிடுவாங்க. இப்ப மணி பத்தே கால். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

— ஆழமா மூச்சு இழு. விடு. இன்னொரு தடவ. ம். இப்ப சொல்லு, வந்ததுலேர்ந்து என்னவோ மென்னு முழுங்கிட்டிருக்கியே, என்ன அது?

— ஒண்ணுமில்லக்கா.

— இருபது வருஷம் வார்டுல நின்னவ நான். வலி இல்லைன்னு சொல்ற மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?

— கதவுல பட்டியல் ஒட்டியிருக்காங்க. வெளியிலேர்ந்து ஒரு பரிசோதகர் வர்றாரு. உங்க ஆஸ்பத்திரி பெரிய டாக்டர்.

— யாரு?

— பெரிய டாக்டர்க்கா. கண்காணிப்பாளர். நம்ம ப்ரோக்ராம, இந்தக் குட்டி நர்ஸ, அவங்க வார்டுலதானே வைக்கப் போறாங்க, அதனால அவரே கேள்வி கேக்கணும்னு வந்திருக்காராம்.

— ஐயோ சாமி.

— ஏன்க்கா? நல்லதுதானே? குட்டி நர்ஸ் பாஸானா, அத வார்டுல பாத்துக்க உங்களத்தானே போடுவாங்க? அந்த ரெக்கார்டு ரூம் தூசியிலேர்ந்து தப்பிச்சிடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?

— என்னைத் தூக்கி ரெக்கார்டு ரூம்ல போட்டதே அந்த ஆளுதான்டா.

— என்னது?

— உத்தரவுல கையெழுத்து அவரோடது. 'கவனக்குறைவு.' ஒத்த வார்த்தை. இருபது வருஷ சர்வீஸுக்கு ஒத்த வார்த்தை.

— ரெண்டு வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கேன், ஒரு நாள் கூடச் சொல்லலையே நீங்க!

— சொல்ற மாதிரி இருந்தா சொல்லியிருப்பேன். பன்னெண்டாம் கட்டில்ல ஒரு வாத்தியார் இருந்தாரு. எப்பப் பாத்தாலும் குறுக்கெழுத்துப் போட்டுக்கிட்டு, 'சிஸ்டர், அஞ்செழுத்து, கடைசி எழுத்து தி'ன்னு கூப்பிடுவாரு. அன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குப் பிரஷர் பாத்தேன், சரியா இருந்துச்சு. ஆனா பேனாவ மூடி வெச்சிட்டாரு. அது எனக்குப் பிடிக்கல.

— பேனாவயா?

— ஆமா. அந்த மனுஷன் பேனாவ மூடி நான் பாத்ததே இல்ல. கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பாத்தேன். அப்புறம் மறுபடி. மூணு மணிக்குள்ள ஏழு தடவ பாத்தேன். டியூட்டி டாக்டருக்கு ரெண்டு தடவ போன் அடிச்சேன். 'திரும்பவும் பாருங்க சிஸ்டர்'ன்னாரு. மூணு அஞ்சுக்கு வாத்தியார் போயிட்டாரு.

— அப்புறம் உங்க மேல என்ன தப்பு?

— விசாரணையில கம்ப்யூட்டர்லேர்ந்து ஒரு காகிதம் எடுத்துப் போட்டாங்க. ரெண்டு மணிக்கு ஒரு தடவ பாத்திருக்கு, அவ்வளவுதான். ஏழுன்னு சொன்னேன். பெரிய டாக்டர் அந்தக் காகிதத்த என் பக்கமா திருப்பி வெச்சு, 'எண்ணிக் காட்டுங்க'ன்னாரு. போன் வந்ததே ஞாபகமில்லைன்னுட்டாரு அந்த டியூட்டி டாக்டர்.

— அக்கா...

— கேளு, இன்னும் இருக்கு. இங்க சேந்ததும் நமக்கு அஞ்சு வருஷத்துப் பதிவு கொடுத்தாங்கல்ல? பேர் எல்லாம் எடுத்துட்டு, கட்டில் நம்பரும் தேதியும் மட்டும் வெச்சு? முதல் மாசமே உனக்குத் தெரியாம நம்ம ப்ரோக்ராம்ல அந்தத் தேதியத் தேடிப் பாத்தேன். அதுலயும் ஒண்ணுதான் இருந்துச்சு. அன்னைக்குத்தான்டா எனக்கே பயம் வந்துச்சு. நெஜமா நான் பாக்கலையோ? பாத்ததா நானே கற்பனை பண்ணிக்கிட்டேனோ?

— சீச்சீ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க.

— விடு. மணி ஓடுது. உள்ள போனதும் அந்த ஆளு மூஞ்சியப் பாக்காம ப்ரோக்ராம மட்டும் பாத்துப் பேசறேன். பாஸானா வார்டு. இல்லைன்னா ரிட்டயர் ஆகற வரைக்கும் கரப்பான் பூச்சியோட குடித்தனம். கேள்வி கேக்கறேன், பதில் சொல்லு.

— கேளுங்க.

— பேஷன்ட்டுக்கு மணிக்கு ஒரு தடவ பிரஷர் பாக்கணும்னு விதி. பத்து நிமிஷத்துல மறுபடி ஒரு பதிவு இருக்கு. என்ன அர்த்தம்?

— ஈஸி! பட்டனத் தவறுதலா ரெண்டு தடவ அமுக்கிட்டீங்கன்னு அர்த்தம்.

— என்னது?

— ஒரே பதிவு ரெண்டு தடவ ஏறிடுச்சுக்கா. குப்பை. தூக்கிப் போட்டுடணும்.

— யாருடா உனக்கு அப்படிச் சொன்னா?

— யாரு சொல்லணும்? பாத்தாலே தெரியலையா? நம்ம ப்ரோக்ராம்லயும் அப்படித்தானே தூக்கறோம். நாப்பத்தி மூணாவது வரி. மனப்பாடம் பண்ணீங்களே!

— நாப்பத்தி மூணு... 'தேவையில்லாதத சுத்தம் பண்ணும்.' நீ அப்படித்தான்டா எழுதிக் கொடுத்த! பக்கத்துல 'மணிக்கு ஒன்று போதும்'னு ஒரு குறிப்பு. நான் என்னவோ பேப்பர் குப்பைய ஒதுக்கற மாதிரின்னு நெனச்சு மனப்பாடம் பண்ணிட்டேன்!

— ஏன்க்கா கத்தறீங்க, எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும்! டேய், ஒரு நர்ஸு பத்து நிமிஷத்துல மறுபடி வந்து கைப்பட்டையச் சுத்தினா பட்டன் தவறிச்சுன்னு அர்த்தமில்ல. அவளுக்கு என்னமோ உறுத்துதுன்னு அர்த்தம்! ஆளு சரியில்லைன்னு அர்த்தம்! முப்பது பேஷன்ட்டு இருக்கற வார்டுல எவளாவது பொழுது போகாம பிரஷர் பாப்பாளா?

— ஒரு நிமிஷம்.

— அந்த நம்பர்ல ஒண்ணும் தெரியாது, நம்பர் நல்லாத்தான் இருக்கும். மறுபடி போய்ப் பாத்தா பாரு, அதுலதான்டா எல்லாமே இருக்கு!

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். அப்படின்னா... குட்டி நர்ஸு, திடீர்னு மோசமான நாப்பது பேர்ல பத்தொன்பது பேரத்தான் முன்கூட்டியே கண்டுபிடிக்குது. மீதி இருபத்தி ஒண்ணு ஏன் நழுவுதுன்னு ஆறு மாசமா மண்டைய உடைச்சுக்கறேன். அவங்க எல்லாருக்கும் நம்பர் நல்லாத்தான் இருந்துச்சு. நம்பர் நல்லா இருந்து, நர்ஸுக்கு மட்டும் பயம் வந்து, அவங்க மறுபடி மறுபடி பாத்து, நான்...

— நீ அத குப்பைன்னு கூட்டித் தள்ளிட்ட.

— ஐயோ! ஐயோ அக்கா! சத்தியமா நான் ஒரு கழுதை!

— கழுதையத் திட்டாத. அந்த வரிய எடுக்க முடியுமா? இப்ப?

— எடுக்கறது ஒரு நொடி. ஆனா மொத்த அஞ்சு வருஷத்தையும் குட்டி நர்ஸு திரும்பப் படிக்கணுமே! மணி என்ன?

— பத்து இருபத்தி ரெண்டு.

— இருபது நிமிஷம் ஆகும். இல்ல, இந்த மெஷின்ல இருபத்தஞ்சு. பண்ணலாம். பண்ணலாமா? பரீட்சைக்கு அரை மணி நேரம் முன்னாடி யாராவது ப்ரோக்ராமத் தொடுவானா? கெட்டுப் போச்சுன்னா பத்தொன்பதும் போயிடும்!

— பழச ஒரு காப்பி எடுத்து வெச்சியா?

— வெச்சேன்.

— அப்ப அறுவை சிகிச்சை பண்ணு.

— எடுத்துட்டேன். நாப்பத்தி மூணு காலி. இப்ப எத்தன தடவ பாத்தாங்கன்னு எண்ணச் சொல்லி ஒரு வரி. ம். ஓட விடறேன். ஓடுது! ஓடுது ஓடுது! பதிவு எவ்வளவு ஏறுது பாருங்க! இவ்வளவையா தூக்கிப் போட்டேன்? லட்சக்கணக்குலக்கா!

— அத்தனையும் எங்க கால் வலிடா.

— ஒரு சந்தேகம். நமக்குக் கொடுத்தது வார்டு கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்ததா, பிரஷர் மெஷினோட மெமரியிலேர்ந்தே எடுத்ததா?

— மெஷின்லேர்ந்துதான். நானே ரெக்கார்டு ரூம்லேர்ந்து பெட்டி பெட்டியா சுமந்துட்டு வந்தேனே. ஏன்?

— சும்மா கேட்டேன்.

— சட்டம் படிச்சவங்க உள்ள போறாங்க பாரு. அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணு கருப்புக் கோட்டு போட்டுட்டு வந்திருக்கா! எவ்வளவு முடிஞ்சிருக்கு?

— பாதி. அறுபது சதவீதம். நெஞ்சு அடிக்கற சத்தம் உங்களுக்குக் கேக்குதா?

— கையக் கொடு. நூத்தி இருபத்தி நாலு. உனக்கே ஒரு கட்டில் போடணும்.

— தொண்ணூறு. தொண்ணூத்தி அஞ்சு. வந்துடுச்சு, நான் பாக்கல, நீங்க பாருங்க!

— முப்பத்தி... டேய். கண்ணாடியக் குடு. முப்பத்தி நாலு.

— எது முப்பத்தி நாலு?

— நாப்பதுல முப்பத்தி நாலுடா! முன்கூட்டியே சொல்லியிருக்கும்! முப்பத்தி நாலு பேரு!

— தப்பு அலாரம்? தப்பு அலாரம் எத்தன?

— முன்னாடிய விடப் பாதிதான்!

— அக்காஆஆ!

— இறக்கி விடுடா! இறக்கி விடு, தாடி! எல்லாரும் பாக்கறாங்க, நான் நாப்பத்தி நாலு வயசுப் பொம்பள!

— பாக்கட்டும்! நீங்கதானே சொன்னீங்க, பாக்கட்டும்னு! முப்பத்தி நாலு! ரெண்டு வருஷமா நான் கம்ப்யூட்டரத் திருகிட்டிருந்தேன், நீங்க ஒரு கேள்வியில முடிச்சிட்டீங்க!

— இந்த ஸ்கூல் விதிதான்டா முடிச்சது. நீ என் வேலைய ஒப்பிக்கலைன்னா இது வெளியவே வந்திருக்காது. நகரு, அந்தப் பட்டியல மேல தள்ளு. புதுசா யார் யாரப் பிடிச்சிருக்குன்னு பாக்கறேன்.

— இந்தாங்க. கட்டில் நம்பரோட வருது.

— ஏழு. இருபத்தி மூணு. இந்தப் பொண்ணு எனக்கு ஞாபகம் இருக்கு, நல்லவேளை பொழைச்சா. ஒம்போது. பன்னெண்டு...

— என்னக்கா?

— தேதியப் பாரு.

— அந்தத் தேதியா?

— ரெண்டு மணி. ரெண்டே கால். ரெண்டு இருபத்தஞ்சு. முப்பத்தஞ்சு. நாப்பத்தி ரெண்டு. அம்பது. அம்பத்தி ஏழு. எண்ணு.

— ஏழு.

— நீ எண்ணு. விரல் வெச்சு எண்ணு.

— ஏழுதான்க்கா. ஏழு.

— பாத்தேன்டா. நான் பாத்தேன். நான் பொய் சொல்லல. எனக்குப் பைத்தியமும் பிடிக்கல. மூணு வருஷம்டா... ஏழு தடவ பாத்திருக்கேன்!

— அழாதீங்கக்கா.

— அழல. சிரிக்கறேன். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், உனக்குத் தெரியாது. என்ன நீ, உன் மூஞ்சி ஏன் இப்படி வெளிறிப் போச்சு?

— ஒண்ணுமில்ல.

— அந்த நாப்பத்தி மூணாவது வரி உனக்கு எங்கேர்ந்துடா கெடைச்சுது? இவ்வளவு கெட்டிக்காரன், இப்படி ஒரு வரி எழுத உனக்கு எப்படித் தோணுச்சு?

— புதுசா எழுதல. பழைய வேலையில எழுதினது. வழக்கமா எல்லாத்துலயும் அதயே ஒட்டிக்குவேன். முதல் வேலை.

— நல்லவேளை, இங்கயாவது மாட்டிச்சு. கேளு, உள்ள போய் வாத்தியார் கதையப் பத்தி மூச்சு விடக் கூடாது. எனக்குத் தெரிஞ்சுடுச்சு, எனக்கு அது போதும். பழசக் கிளறினா அந்த ஆளு ரெண்டு பேரையும் சேத்து ஃபெயில் பண்ணிடுவாரு. எனக்கு வார்டு வேணும். உனக்கு டிகிரி வேணும். புரிஞ்சுதா?

— அக்கா, நான் உங்ககிட்ட ஒண்ணு...

— வெளிய வந்து சொல்லு. கதவு தொறக்குது. சட்டைய இழுத்து விடு.

— அடுத்த ஜோடி, உள்ள வாங்க. உக்காருங்க. மேடம் உங்க அறிக்கையப் படிச்சிட்டாங்க. கேள்வி நான் கேக்கறேன். எனக்கு நேரம் குறைவு, அதனால சுருக்கமா. சிஸ்டர், உங்கள எங்கயோ பாத்திருக்கேனே.

— உங்க ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்தான் டாக்டர்.

— ஓ. சரி. அறிக்கையில பத்தொன்பதுன்னு இருக்கு. திரையில முப்பத்தி நாலுன்னு இருக்கு. எது சரி?

— முப்பத்தி நாலு சரி டாக்டர். நாப்பத்தி மூணாவது வரி ஒரு மணி நேரத்துக்குள்ள ரெண்டாவது தடவ வந்த பதிவ அழிச்சிட்டு, முதல்ல வந்தத மட்டும் வெச்சுக்கும். அத எடுத்துட்டோம். நூத்திப் பத்தாவது வரி ரவுண்ட்ஸ் போகும்போது, இப்ப எத்தன தடவ பாத்தாங்கங்கறதையும் எண்ணிக்கும். மெஷின் மெமரியில எல்லாமே இருக்கு, கம்ப்யூட்டருக்குத்தான் காட்டாம இருந்தோம்.

— நல்ல விளக்கம். ஒரு நர்ஸு இவ்வளவு தெளிவா ப்ரோக்ராம விளக்கி நான் கேட்டதில்ல. தம்பி, உங்களுக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ பிரஷர் பாக்கறது பதட்டம். அனுபவமில்லாதவங்க பண்றது. இதுல என்ன விஞ்ஞானம் இருக்கு?

— அனுபவம் இருக்கறவங்கதான் சார் பண்ணுவாங்க. நம்பர் கெடறதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சுடும். பேஷன்ட்டு பேனாவ மூடி வெச்சா கூடத் தெரிஞ்சுடும். அத எழுத சார்ட்டுல கட்டம் கிடையாது. அதனால மறுபடி போய்ப் பாப்பாங்க. அந்த மறுபடிதான் சார் அவங்க எழுதற குறிப்பு.

— கேக்க நல்லா இருக்கு. ஆனா எங்க வார்டு சாஃப்ட்வேர்ல அப்படிப் பதிவே கிடையாதே. எத்தனையோ விசாரணைக்கு நானே காகிதம் எடுத்துப் பாத்திருக்கேன். மணிக்கு ஒண்ணுதான் இருக்கும்.

— ஆமா சார். ஒண்ணுதான் இருக்கும்.

— தாடி, போதும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.

— இருக்கட்டும் சிஸ்டர், அவர் சொல்லட்டும். எங்க சாஃப்ட்வேருக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தம்பி தெரியும்?

— அதுலயும் இதே வரி இருக்கும், பக்கத்துலயே 'மணிக்கு ஒன்று போதும்'னு ஒரு குறிப்பு இருக்கும் சார், திறந்து பாருங்க. அத உங்க ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தவன் நான்தான். பன்னெண்டாம் கட்டில்ல அன்னைக்கு இந்த அக்கா ஏழு தடவ பாத்தாங்க. அதுல ஆறை அழிச்சது நான்.